பதிமூவாயிரம் பக்கமும் விடுபட்ட ஒரு தாளும்

பெறுநர்: பதிவேடுகள் பிரிவு, எஃப்.பி.ஐ., அமெரிக்கா.

பொருள்: ஆபி ஹாஃப்மன் (1936–1989) என்பவர் பற்றிய கோப்பு – விடுபட்ட தாள் ஒன்றைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் ஒரு கோப்பு முடிந்ததும் அதன் தலையில் ஒரு குறிப்பு எழுதுவோம். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு; வருடம் கழிந்ததும் அழித்துவிடலாம். மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்று எழுதிவிட்டால் நிரந்தரம். கரையான் மனது வைத்தால் ஒழிய அதை யாரும் அழிக்க முடியாது. இந்த ரகம் பிரிப்பதிலும், நாடா கட்டுவதிலும், பக்க எண் போடுவதிலுமே என் உத்தியோகம் கழிந்தது. இப்போதும் பழைய தாள் வாசனை பட்டால் தும்மல் வந்துவிடும்.

ஆபி ஹாஃப்மன் என்ற ஒரே மனிதர் மேல் உங்கள் துறை 13,000 பக்கங்களுக்கு மேல் கோப்பு வைத்திருந்தது என்று படித்தபோது முதலில் எனக்குத் தோன்றியது, இத்தனைக்கும் யார் உட்கார்ந்து பக்க எண் போட்டார்கள் என்பதுதான். எங்கள் வழக்கப்படி இருநூறு பக்கத்துக்கு ஒரு கட்டு என்று வைத்தால் அறுபத்தைந்து கட்டு. ஒரு பீரோ போதாது. அவர் ஒரு குண்டு வைத்ததில்லை, ஒருவரைச் சுட்டதில்லை. வியட்நாம் போரை எதிர்த்தார். அதைச் சிரிக்கச் சிரிக்கச் செய்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோப்பில் இருக்கும் ஆளை நீங்கள் கோட்டைவிட்டுவிட்டீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அவருடைய முடியையும் சட்டையையும் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஆள் நழுவிவிட்டார். அதற்கு அத்தாட்சி பல வருடம் உங்கள் நாட்டுக்குள்ளேயே நடமாடியது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மருத்துவப் பொருள் வியாபாரி. மகன் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். பேர்பெற்ற உளவியல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ அங்கே அவருக்கு ஆசிரியர். அப்புறம் சொந்த ஊர் மனநல மருத்துவமனையில் வேலை. அதன் பிறகு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஆமாம், மெடிக்கல் ரெப். டை கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு, டாக்டரின் அறை வாசலில் முறைக்காகக் காத்திருக்கும் அதே ரெப். அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ எல்லாமே அங்கேதான் ஆரம்பித்தது என்று படுகிறது. இரண்டு நிமிஷத்தில், கேட்க விருப்பமில்லாத ஒருவரின் காதில் ஒரு சரக்கைப் போட்டுவிட்டு வரக் கற்றுக்கொள்வதுதானே அந்த வேலை.

1960-களின் நடுவில் தெற்கே மிசிசிப்பிக்குப் போய், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட எஸ்.என்.சி.சி. மாணவர் அமைப்போடு வேலை செய்தார். அங்கே கூட்டுறவு வைத்து ஏழைகள் கையால் செய்த பொருள்களை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து லிபர்டி ஹவுஸ் என்ற கடையில் விற்றார். ரெப் வேலை அதற்கும் உதவியிருக்கும். அந்த ஆண்டுகளில் போர் பெருத்துக்கொண்டே போனது. 1967 முடிவில் வியட்நாமில் ஏறத்தாழ 5 லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்புக் கடிதம் எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று தெரியாது. ஊர்வலம் போனால் பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் நாலு வரி வரும். ஆறாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

1967 ஆகஸ்ட் 24 அன்று நண்பர்கள் சிலரோடு நியூயார்க் பங்குச் சந்தையைச் சுற்றிப் பார்க்கப் போனார். மேலே பார்வையாளர் மாடம். கீழே தரகர்கள் கத்திக்கொண்டு விலை பேசும் கூடம். மாடத்தின் விளிம்புக்கு வந்ததும் கையில் இருந்த டாலர் தாள்களை அள்ளிக் கீழே வீசினார்கள். எவ்வளவு வீசினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. ஹாஃப்மனே ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை சொல்வார். கீழே சிலர் மேல்நோக்கித் திட்டினார்கள். சிலர் குனிந்து பொறுக்கினார்கள். கோட்டு சூட்டு போட்டவர்கள் ஒரு டாலர் தாளுக்காகத் தரையில் தவழ்ந்த கதை அன்றைக்கு நாடு முழுக்கப் போனது. இத்தனைக்கும் மாடத்துக்குள் படம் எடுக்க யாரையும் விடவில்லை. ஒரு படம் கூடக் கிடையாது. படம் இல்லாததால் ஒவ்வொருவரும் தன் மனதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் சந்தை நிர்வாகம் அந்த மாடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டது. தடுப்புக்கு ஆன செலவு மேலிருந்து விழுந்த பணத்தைப் போல் பல மடங்கு.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று பென்டகன் ஊர்வலம். மந்திரம் ஓதி அந்த ராணுவத் தலைமையகத்தையே 300 அடி அந்தரத்தில் தூக்கிக்காட்டி, உள்ளே இருக்கும் பேயை ஓட்டப்போவதாக ஹாஃப்மனும் கூட்டாளிகளும் அறிவித்திருந்தார்கள். அனுமதி பேசிய அதிகாரிகள், 300 அடி முடியாது, வேண்டுமானால் 10 அடி தூக்கிக்கொள்ளுங்கள் என்றதாக அப்போது ஒரு கதை பரவியது. நான் அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் இந்தக் கதையை மிகவும் ரசிப்பேன். எந்தக் கோரிக்கை வந்தாலும் அளவைக் குறைத்து ஒப்புதல் கொடுக்கும் கை எங்கே இருந்தாலும் ஒரே கைதான். கட்டடம் எழும்பவில்லை. அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அப்புறம் ஊர்வலம் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருடக் கடைசி நாளில், ஜெர்ரி ரூபின், பால் கிராஸ்னர், மனைவி அனிட்டா ஆகியோரோடு உட்கார்ந்து ‘யிப்பி’ என்று கேலியாலேயே போராடும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர் அட்டை கிடையாது, தலைவர் கிடையாது. 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது இவர்கள் ஒரு நிஜப் பன்றியைக் கொண்டுவந்து அதுதான் எங்கள் ஜனாதிபதி வேட்பாளர் என்றார்கள். போலீஸ் பன்றியையும் கூட வந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனது. அந்த வாரம் முழுக்க மேயர் டேலியின் போலீஸ் பூங்காவிலும் தெருவிலும் ஓட ஓட அடித்தது. பின்னால் விசாரித்து அறிக்கை கொடுத்த வாக்கர் குழு, அதைப் ‘போலீஸ் கலவரம்’ என்றே எழுதியது. ரூபினுக்கு மெய்க்காப்பாளர் மாதிரி கூடவே திரிந்த தடியர் ஒருவர் சிகாகோ போலீஸின் ஆள் என்பதும் அப்புறம்தான் தெரியவந்தது.

வழக்கு போலீஸ் மேல் போடப்பட்டாலும், பெரிய வழக்கு ஹாஃப்மன், ரூபின் உள்பட எட்டுப் போராட்டக்காரர்கள் மேல். கலவரம் தூண்டும் எண்ணத்தோடு மாநில எல்லையைத் தாண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. 1969 செப்டம்பர் 24 முதல் 1970 பிப்ரவரி வரை ஓடியது. நீதிபதியின் பெயரும் ஹாஃப்மன், ஜூலியஸ் ஹாஃப்மன். உறவில்லை.

இந்த வழக்கின் நடவடிக்கைக் குறிப்புகளை என்னைப் போன்ற ஆசாமி படித்தால் பொழுதுபோவது தெரியாது. தொடக்கத்திலேயே ஆபி ஹாஃப்மன் ஜூரிகளைப் பார்த்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டார். பிரதிவாதி ஹாஃப்மன் வீசிய முத்தத்தை ஜூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொன்னதாலேயே அந்த முத்தம் நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது பாருங்கள். எங்கள் பதிவறையில் எத்தனையோ வினோதமான இணைப்புகளைப் பார்த்திருக்கிறேன். மனுவோடு தைத்த நெற்கதிர் உண்டு, பாட்டில் தண்ணீர் உண்டு. முத்தம் வந்ததில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறியபோது பெயர் கேட்டார்கள். ஆபி, அமெரிக்காவின் அநாதை என்றார். எங்கே வசிக்கிறீர்கள்? உட்ஸ்டாக் தேசத்தில் (உட்ஸ்டாக் அந்த வருடம் இளைஞர்கள் திரண்ட இசைவிழா; அப்படி ஒரு தேசம் கிடையாது). தொழில்? பண்பாட்டுப் புரட்சியாளர், ஆனால் இப்போதைக்கு முழுநேரப் பிரதிவாதி. பிறந்த நாளிலிருந்து 1960 மே 1 வரை உங்கள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று அவர் தரப்பு வக்கீல் கேட்டார். ஒன்றுமில்லை, அதற்கு அமெரிக்கக் கல்வி என்று பெயர் என்று நினைக்கிறேன் என்றார். எல்லோரும் சேர்ந்து வன்முறைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டீர்களா என்ற கேள்விக்குத்தான் மிகவும் புகழ்பெற்ற பதில்: மதியம் என்ன சாப்பிடுவது என்பதிலேயே எங்களுக்குள் ஒப்பந்தம் ஏற்படவில்லை. சங்கக் கூட்டம் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து வந்த யாருக்கும் இது சத்தியவாக்கு என்று தெரியும். ஜூரிகளும் அதை நம்பினார்கள் போலிருக்கிறது. சதி என்ற குற்றச்சாட்டில் ஒருவரையும் தண்டிக்கவில்லை.

ஒருநாள் ஹாஃப்மனும் ரூபினும் நீதிபதியின் அங்கி போலவே கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். கழற்றச் சொன்னார் நீதிபதி. கழற்றினால் உள்ளே போலீஸ் சட்டை.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அதே அறையில் 1969 அக்டோபர் கடைசியில் பாபி சீல் என்ற கறுப்பினத் தலைவரை நாற்காலியில் கட்டி, வாயைத் துணியால் அடைத்து உட்காரவைத்தார்கள். தனக்கு வேண்டிய வக்கீலோ, இல்லாவிட்டால் தானே வாதாடும் உரிமையோ வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதுதான் காரணம். அப்புறம் அவர் வழக்கைத் தனியாகப் பிரித்து, நீதிமன்ற அவமதிப்புக்கு நாலு வருடம் கொடுத்தார்கள். எட்டுப் பேர் ஏழு பேரானது இப்படி. அதே சிகாகோவில், வழக்கு நடந்துகொண்டிருந்த டிசம்பர் 4 விடியற்காலையில், பிளாக் பாந்தர் என்ற கறுப்பின மக்கள் கட்சியின் ஃபிரெட் ஹாம்ப்டனைப் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றது போலீஸ். அவருக்கு 21 வயது. வீட்டில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது உங்கள் துறைக்கு வேலை பார்த்த உளவாளி. எழுதிய நான் ஒரு நாள் முழுக்க இந்த மடலை அப்படியே மூடிவைத்துவிட்டேன். ஹாஃப்மன் கோமாளி வேஷம் கட்ட முடிந்தது, அதைக் கட்டிக்கொண்டு உயிரோடு வீடு திரும்ப முடிந்தது. அந்தத் தோலின் நிறம் அவருக்கு ஒரு குடை. அந்தக் குடை சீலுக்கும் ஹாம்ப்டனுக்கும் கிடையாது.

ஹாஃப்மன் உள்பட ஐந்து பேருக்கு ஐந்து வருடச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். தண்டனை சொல்லும் முன் பேச இடம் கொடுத்தபோது, நீதிபதிக்கு எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைச் சாப்பிட்டுப் பார்க்கும்படி சிபாரிசு செய்தார் மனிதர். 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்துவிட்டது.

உங்கள் பதிவறையைப் பற்றியும் ஒரு வார்த்தை, தொழில்காரன் என்ற முறையில். 1971 மார்ச் 8 இரவு, முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் குத்துச்சண்டை போட, நாடே அதில் காது வைத்திருந்தபோது, பென்சில்வேனியாவில் மீடியா என்ற ஊரில் இருந்த உங்கள் சின்ன அலுவலகத்தின் பூட்டைத் திறந்து கோப்புகளைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள் சில போர் எதிர்ப்பாளர்கள். அதில் ஒரு குறிப்பு: ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஒரு எஃப்.பி.ஐ. ஆள் நிற்கிறான் என்ற பயத்தை இவர்களுக்கு உண்டாக்க வேண்டும். கோப்பில் எழுதக் கூடாததை எழுதிவைத்த உதவியாளர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒன்று என் கையில் வந்திருந்தால் நாடா கட்டும்போது விரல் நடுங்கியிருக்கும்.

இனி சட்டைக்கு வருவோம். 1968 அக்டோபரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் ஹாஃப்மன் அமெரிக்கக் கொடி மாதிரி தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கொடியை அவமதித்ததாகக் கைது. என் தேசத்துக்குக் கொடுக்க என்னிடம் ஒரே ஒரு சட்டைதான் இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். தண்டனை பின்னால் ரத்தானது. 1970 மார்ச்சில் மெர்வ் கிரிஃபின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் அதே மாதிரி சட்டையோடு போனார். ஒளிபரப்பும்போது சி.பி.எஸ். நிறுவனம் அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தை நீலமாக்கி மறைத்துவிட்டது. ஒரு நீலக் கட்டத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. பேசியது என்ன என்பதில் அவர்களுக்கு வருத்தமில்லை. கண்ணை உறுத்தியது சட்டை. உங்கள் 13,000 பக்கத்தின் சுருக்கமே அந்த நீலக் கட்டம்தான் என்பேன்.

அவரை நான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவில்லை. 1973 ஆகஸ்டில் கொக்கெய்ன் விற்றதாகப் பிடிபட்டார். சிக்கவைத்துவிட்டார்கள் என்றார் அவர். இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் அவருக்கு என்ன வேலை? ஆயுள் வரை போகக்கூடிய வழக்கு என்றதும் 1974-இல் ஜாமீனில் இருந்தபடியே தலைமறைவானார். 1971-இல் பிறந்த மகனை அனிட்டா அரசு உதவித்தொகை வாங்கி வளர்த்தார். புரட்சிக்காரர்களின் வீட்டுக் கணக்கை எப்போதும் வேறு யாரோதான் தீர்க்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலே பொய்யாகிவிடும்.

இப்போது விடுபட்ட தாள்.

அறுவை சிகிச்சை செய்து முகத்தை மாற்றிக்கொண்டார். பாரி ஃபிரீட் என்று பெயர் வைத்துக்கொண்டார். துணையாக ஜொஹானா லாரன்சன் வந்தார். சில வருட அலைச்சலுக்குப் பிறகு நியூயார்க் மாநிலத்தின் வட எல்லையில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், ஜொஹானா குடும்பத்துக்குச் சொந்தமான ஃபைன்வியூ வீட்டில் குடியேறினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. நடுவில் 1,800-க்கும் மேற்பட்ட தீவுகள்; ஆயிரம் தீவுகள் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். தலைமறைவாக இருப்பவனுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? வாயை மூடிக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆற்றைக் குளிர்காலத்திலும் கப்பல் போகத் திறந்துவிட ஒரு திட்டம் வந்தது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆழப்படுத்த வேண்டும், சில இடங்களில் வெடிவைக்க வேண்டும். 1976-இல்தான் அங்கே ஓர் எண்ணெய்ப் படகு தரைதட்டிக் கரையெல்லாம் கறுப்பாகியிருந்தது. அது கோடையில் நடந்ததால் அள்ளினார்கள். உறைந்த ஆற்றில் பனிக்கு அடியில் எண்ணெய் பரவினால் யார் அள்ளுவது? திட்டம் யாருடையது தெரியுமா? அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையுடையது. விதி பாருங்கள். பென்டகனைத் தூக்கப் போனவர், ஒளிந்திருந்த இடத்திலும் வாசலில் ராணுவம்.

1978-இல் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ‘ஆற்றைக் காப்பாற்று’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பன்றி இல்லை, அங்கி இல்லை. கூட்டம் போட்டார், ஆட்களைச் சேர்த்தார், கடிதம் எழுதவைத்தார், பத்திரிகைக்குக் குறிப்பு அனுப்பினார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஹிப்பி என்றால் முகத்தைச் சுளிக்கிற சின்ன ஊர் மனிதர்கள். பழைய மெடிக்கல் ரெப் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது போலத்தான் எனக்குத் தெரிகிறது. மாநில ஆளுநர் ஹியூ கேரி அவருடைய பொதுநல உணர்வைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1979-இல் ஆற்றங்கரையில் செனட் விசாரணை நடந்தபோது பாரி ஃபிரீட் எழுந்து சாட்சியம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிகன், அறுபதுகள் எங்கே போயின என்று இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லி அவரை மெச்சினார். அறுபதுகளே எதிரில் உட்கார்ந்திருந்தன என்று அவருக்குத் தெரியாது.

செனட்டருக்குத் தெரியாதது தப்பில்லை. ஆனால் உங்களுக்கு? அப்போது அவர் தேடப்படும் குற்றவாளி. பொதுமேடையில் பேசுகிறார், பத்திரிகையில் பேர் வருகிறது, மத்திய அரசின் மக்கள் பிரதிநிதி கை குலுக்குகிறார். கைரேகை, கையெழுத்து, பேச்சு என்று அத்தனையும் பீரோ நிறைய உங்களிடம் இருந்தது. நீங்கள் தேடிக்கொண்டிருந்தது சுருட்டை முடிக் கோமாளியை. ஆற்றுக்காகக் கூட்டம் போடுகிற, ஒழுங்காக உடுத்திய மனிதர் அந்த அடையாளத்தில் அடங்கவில்லை.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைதோறும் ஒரு பெரியவர் மனு கொடுக்க வருவார். நில அளவைத் தகராறு. பழைய மனுக்களின் நகல்களை எல்லாம் நூலில் கோத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். கோப்பில் அவரைப் பற்றி எழுதியிருந்த குறிப்பு: ‘அடிக்கடி வந்து இடையூறு செய்பவர்’. ஒரு திங்கட்கிழமை, ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார். சவரம் செய்த முகம், சலவை வேட்டி, சட்டைப்பையில் பேனா. அதிகாரி நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் ஐயா என்றார், டீ வாங்கிவரச் சொன்னார், மனுவை முழுக்கப் படித்தார். நியாயமாகத்தானே இருக்கிறது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, பையிலிருந்து மாலையை எடுத்து மேசை மேல் வைத்தார். அந்தக் கோப்பை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்; அந்த டீ கிளாஸை வைத்த வட்டம் அதன் அட்டையில் ரொம்ப நாள் இருந்தது.

குளிர்காலக் கப்பல் திட்டத்துக்கு அப்புறம் பணம் ஒதுக்கப்படவில்லை. 1980 செப்டம்பர் 4 அன்று ஹாஃப்மன் நியூயார்க்கில் தானே வந்து சரணடைந்தார். அதற்கு முன்னால் பார்பரா வால்டர்ஸைத் தீவுக்கு வரவழைத்துத் தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்துவிட்டார். பழைய புத்தி போகுமா? பாரி ஃபிரீட் யார் என்று தெரிந்த பிறகும் ஊர்க்காரர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறையில் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தார்.

1986 நவம்பரில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் சி.ஐ.ஏ. ஆள் எடுக்க வந்ததை எதிர்த்த போராட்டத்தில் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் மகள் ஆமியோடு சேர்ந்து கைதானார். 1987 ஏப்ரலில் வழக்கு. நிகரகுவா நாட்டில் சி.ஐ.ஏ. செய்துவந்த சட்டவிரோத வேலைகளைத் தடுக்கவே சின்னச் சட்டமீறல் செய்தோம் என்பது வாதம். ஹாஃப்மன் தன் வழக்கைத் தானே வாதாடினார். சின்ன வயதில் அப்பா பக்கத்து ஊர்களில் நடக்கும் டவுன் ஹால் கூட்டங்களுக்குக் கூட்டிப்போய், மக்கள் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் பார் என்று காட்டுவார் என்று ஜூரிகளிடம் சொன்னார். அமெரிக்காவின் அநாதை என்று சொன்னவர், பதினேழு வருடம் கழித்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் விடுதலை.

அந்தப் பத்தாண்டு முழுக்க அவர் நோயோடு இருந்தார். உற்சாகம் தலைக்கேறும், பிறகு பாதாளத்தில் விழும் இருமுனைக் கோளாறு என்று 1980-இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பென்சில்வேனியாவில், டெலவேர் ஆற்றுத் தண்ணீரை அணுமின் நிலையத்துக்கு இழுக்கும் பம்ப் திட்டத்தை எதிர்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பம்ப் கட்டப்பட்டது. 1989 ஏப்ரல் 12 அன்று, வான்கோழிக் கொட்டகையாக இருந்து வீடாக மாற்றப்பட்ட ஒரு குடியிருப்பில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது விசாரணை. வயது 52. இத்தனை வருடம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்த உங்கள் ஆட்கள் ஒருவருக்காவது, இந்த மனிதர் சில வாரம் தூங்குவதே இல்லை, சில வாரம் எழுந்திருப்பதே இல்லை என்று ஒரு வரி குறித்துவைக்கத் தோன்றியதா என்று கேட்க நினைத்தேன். வெளியே வந்த தாள்களில் கறுப்பு மை பூசிய இடங்கள் இருக்கும். ஒருவேளை அதற்கடியில் இருக்கலாம்.

கோரிக்கை எளிது. கோப்பை அழிக்கச் சொல்லவில்லை. கோப்பை அழிப்பது எங்கள் தொழிலில் பாவம். பாரி ஃபிரீட் செனட் விசாரணையில் பேசிய பேச்சையும், ஆளுநரின் பாராட்டுக் கடிதத்தையும் அதே கட்டில், தலைமறைவான 1974-க்கும் சரணடைந்த 1980-க்கும் நடுவில், நியாயமான இடத்தில் தைத்துவைக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தால், அட்டையில் இருக்கும் ஆளின் விவரத்தில் ‘ஆற்றங்கரைக்காரர்’ என்ற ஒரு சொல்லையாவது சேர்க்க வேண்டும்.

டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ செயின்ட் லாரன்ஸில் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். மார்ச் வரை ஆறு பனி மூடிக் கிடக்கும். ‘ஆற்றைக் காப்பாற்று’ அலுவலகம் கிளேட்டன் என்ற ஊரில் இன்றும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் குளிர்காலத்தில் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்

இணைப்பு: இந்த மடல், தாள்கள் ஏழு. பக்க எண் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முடிவுக் குறிப்பு: நி.மு.